கருவியின் விலையும் கைக்கெட்டும் தொலைவும்: தேனி – கம்பம் பள்ளத்தாக்கின் கண் மருத்துவ அனுபவத்தில் மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனங்களின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவக் கருவிகளை உருவாக்கி விற்கும் நிறுவனங்கள் உடல்நலச் சமநீதிக்கு எவ்வாறு துணைநிற்க முடியும் என்னும் வினாவைத் தேனி மாவட்டத்தின் கண் மருத்துவ அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. மதுரை ஆரோலேப் நிறுவனத்தின் உள்விழி லென்ஸ், தேனியை மையமாகக் கொண்டு அமைந்த நெடுந்தொலைவுக் கம்பியில்லா வலையமைப்பு, விழித்திரைப் படங்களைப் படிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஆகிய மூன்றும் இங்கு ஆராயப்படுகின்றன. விலைக்குறைப்பு இன்றியமையாதது; ஆயினும் தொலைவு, கூலியிழப்பு, பழுதுநீக்கம், தரவுரிமை ஆகியவற்றையும் வடிவமைப்பின் பகுதியாகக் கொள்ளாத கருவி ஏழை நோயாளியைச் சென்றடைவதில்லை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: உடல்நலச் சமநீதி, மருத்துவக் கருவிகள், கண்புரை, பார்வை மையம், தேனி, கம்பம் பள்ளத்தாக்கு, ஆரோலேப்.

முன்னுரை

சமத்துவம் வேறு, சமநீதி வேறு. அனைவருக்கும் ஒரே அளவு மருத்துவம் தருவது சமத்துவம். தேவை மிகுந்தவருக்கு மிகுதியாகத் தருவது சமநீதி. தவிர்க்கக்கூடியனவும் நியாயமற்றனவுமான உடல்நல வேறுபாடுகளே சமநீதியின்மை என்று மார்கரெட் வைட்ஹெட் 1990களின் தொடக்கத்தில் வரையறுத்தார். அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1971இல், வேல்ஸ் நாட்டின் பொதுமருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி'யை எழுதியிருந்தார். நல்ல மருத்துவம் அதன் தேவை மிகுந்த இடத்தில் குறைவாகவும், தேவை குறைந்த இடத்தில் மிகுதியாகவும் கிடைக்கிறது என்பது அவ்விதியின் சாரம். சந்தையின் கையில் விடப்பட்ட இடங்களில் இவ்விதி கடுமையாகச் செயல்படும் என்றும் அவர் கூறினார்.

அவ்வாறாயின், சந்தையில் பிறந்து சந்தையில் வாழும் கருவி நிறுவனங்களிடம் சமநீதியை எதிர்பார்ப்பது முரண் அன்றோ எனும் ஐயம் எழுவது இயல்பே. இவ்வினாவுக்குக் கொள்கையளவில் விடை தேடுவதைவிட, ஒரு நிலப்பரப்பில் உண்மையில் நிகழ்ந்தவற்றைப் பார்ப்பது பயன்தரும். அதற்குத் தேனி மாவட்டம் பொருத்தமான களம்.

களத்தின் இயல்பு

மேற்கே ஏலமலைத் தொடர், தென்கிழக்கே வருசநாட்டு மலைகள், நடுவே முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் நிலம் என்று அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. 1895இல் பெரியாறு அணை நிறைவுற்றபின் இப்பகுதியின் வேளாண்மை மாறியது. இன்று நெல்லும் வாழையும் பன்னீர்த் திராட்சையும் இங்கு விளைகின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மாவட்டத்தில் 12,45,899 பேர் வாழ்ந்தனர்.

வரைபடத்தில் காண்பதற்கும் நோயாளி உணர்வதற்கும் தொலைவு வேறுபடும். கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கிலோமீட்டர், பேருந்து உண்டு. ஆனால் கம்பம், கூடலூர், போடிநாயக்கனூர்ப் பகுதித் தொழிலாளர் பலர் விடியுமுன்னரே ஜீப்பில் ஏறிக் குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை இயங்கும் எந்த மருத்துவமனையும் அவர்களுக்கு ஒருநாள் கூலி தொலைவில் இருக்கிறது. மலைச்சரிவுகளில் வாழும் பளியர் குடியிருப்புகளுக்கோ சாலையே தடை. கடமலைக்குண்டு – மயிலாடும்பாறை ஒன்றியத்தின் உட்கிடைச் சிற்றூர்களின் நிலையும் இதற்கு அணித்தானதே. கருவியொன்றின் பயனை இவர்களிடமிருந்து தொடங்கி அளந்தால் கிடைக்கும் விடை, நகரத்து மருத்துவமனையிலிருந்து தொடங்கி அளந்தால் கிடைப்பதன்று.

விலை என்னும் முதல் தடை

மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் கிளை 1985இல் தேனியில் அமைந்தது. திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரிக் கிளைகளுக்கு முந்தியது இது. கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு செலுத்த இயலாதோருக்கும் சிகிச்சை அளிப்பது இம்மருத்துவமனைகளின் வழக்கம் என்பது பலரும் அறிந்ததே. இங்கு நம் கவனத்திற்குரியது அதன் கருவிப் பக்கம்.

1980களில் உலகின் வளமான நாடுகளில் கண்புரை அறுவைக்குப்பின் கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. நம் ஊர்களில் ஏழை நோயாளிக்குப் புரையை மட்டும் அகற்றிவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுத்தனுப்பினர். ஊரார் சோடாப்புட்டிக் கண்ணாடி என்று அழைத்தது அதையே. அக்கண்ணாடி வழியே பொருள்கள் பெரிதாகத் தெரியும், ஓரப்பார்வை கெடும், களைக்கொட்டோடு குனியும்போது கீழே விழுந்து உடைந்தால் அன்றிலிருந்து மீண்டும் பார்வையின்மை. அறுவை வெற்றி, ஆனால் பார்வை நிலைக்கவில்லை என்னும் இவ்விரட்டை நிலை மருத்துவக் கணக்கேடுகளில் 'சிகிச்சை பெற்றவர்' என்ற ஒற்றை வரியில் மறைந்துபோயிற்று.

இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை அப்போது ஏறத்தாழ 80 முதல் 100 அமெரிக்க டாலர். நன்கொடையாக வந்த லென்ஸ்கள் சிறிதளவே பயன்பட்டன. நன்கொடையைக் கொண்டு ஆண்டுத் திட்டம் வகுக்க இயலாது. வேண்டிய திறனளவில் வேண்டிய எண்ணிக்கையில் அது வருவதும் இல்லை. இச்சூழலில் 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கப்பட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் கிரீன், சேவா அறக்கட்டளை முதலியோர் அதற்குத் துணைநின்றனர். தொடக்கத்தில் ஏறத்தாழ 10 டாலருக்கு விற்ற லென்ஸ், பின்னர் 5 டாலருக்கும் கீழே இறங்கியது. தையல் நூல், கண் மருந்து, அறுவைக் கத்தி எனப் பிற பொருள்களும் தொடர்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இவை செல்கின்றன.

இவ்விலை எவ்வாறு இயன்றது என்பதே நிறுவனங்கள் கற்க வேண்டிய பகுதி. லென்ஸின் மூலப்பொருள் ஒருவகை அக்ரிலிக் பிளாஸ்டிக். அதன் விலை சிறிது. 100 டாலரில் பெரும்பகுதி ஆராய்ச்சிச் செலவு மீட்பு, விற்பனைப் படை, இடைத்தரகு, இலாபம் ஆகியவற்றிற்கு உரியது. ஆரோலேப்புக்கு அருகிலேயே பேரளவில் அறுவை செய்யும் மருத்துவமனை இருந்தது. எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டியே தெரிந்ததால் எந்திரங்களை முழுத்திறனில் ஓட்ட முடிந்தது, விளம்பரம் தேவைப்படவில்லை. தரத்தைக் குறைத்து விலையைக் குறைத்தார்கள் எனும் ஐயத்திற்கு, பன்னாட்டுத் தரச்சான்றுகளைப் பெற்றே அவர்கள் விடையளித்தனர். ஏழைக்கு இரண்டாந்தரப் பொருள் என்னும் எண்ணம் சமநீதிக்கு நேர்மாறானது என்பதால் இச்செய்தி தனித்துக் குறிப்பிடத்தக்கது.

இதனை ஒரு மருத்துவமனையின் தனிச்சிறப்பு என்று ஒதுக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அதை உற்பத்தி செய்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.டி.கே. குழுமம். வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டோரில் ஏழைகளே மிகுதி; இறக்குமதி வால்வு அவர்களுக்கு எட்டாக்கனி. பொதுநிறுவனம் வடிவமைப்பையும் தனியார் உற்பத்தியையும் ஏற்ற இவ்வழி, ஆரோலேப்பின் அறக்கட்டளை வழியிலிருந்து வேறுபட்டது, பயன் ஒத்தது.

அரசு விலைவரம்பு விதிப்பது மூன்றாவது வழி. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ஸ்டென்ட்டுகளுக்கு உச்சவிலை விதித்தது: உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். அது பயன்தந்த நடவடிக்கையே. எனினும் உச்சவிலை ஏற்கெனவே மருத்துவமனைக் கட்டிலை அடைந்துவிட்ட நோயாளிக்கே உதவும். கட்டிலை அடையாதவர் கணக்கில் வருவதில்லை.

இலவசத்திற்குப் பின்னும் எஞ்சும் செலவு

கட்டிலை அடையாதவர் எத்தனை பேர் என்பதற்கு மதுரை வட்டாரத்திலேயே விடை கிடைத்தது. கிராமப்புறக் கண் முகாம்களைப் பற்றிப் பிளெட்சர் உள்ளிட்டோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, கண் குறை உடைய பெரியவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்தனர் என்று காட்டியது. முகாம் இலவசம், ஊருக்கு அருகில், அறிவிப்பும் செய்யப்பட்டது. அச்சம், செலவு, குடும்பப் பொறுப்பு ஆகியன வராமைக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. அறுவை இலவசம் என்பதோடு நில்லாமல் பயணச் செலவையும் உணவையும் சேர்த்து ஏற்கும்போதே மக்கள் முன்வருகின்றனர் என்று அதற்கு முந்தைய ஆய்வும் உணர்த்தியிருந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் முகாமைவிட, நாள்தோறும் திறந்திருக்கும் சிறிய மையம் ஒன்று ஊருக்கு அருகில் இருத்தல் வேண்டும் என்னும் முடிவு இதிலிருந்து பிறந்தது. அதுவே பார்வை மையம். ஏறத்தாழ 50,000 மக்களுக்கு ஒன்று. பயிற்சி பெற்ற கண் மருத்துவப் பணியாளர் ஒருவர், ஒருங்கிணைப்பாளர் ஒருவர். ஸ்லிட் லேம்ப் முதலிய அடிப்படைக் கருவிகள். மிகக் குறைந்த பதிவுக் கட்டணம். மருத்துவர் அங்கு இல்லை. அவர் தேனி மருத்துவமனையில் இருந்தபடி காணொளி வழியே ஒவ்வொரு நோயாளியோடும் பேச வேண்டும். இங்குதான் தொழில்நுட்பத்தின் தேவை எழுந்தது.

கோபுரமும் மின்சாரமும்

2000களின் நடுவில் தேனிச் சிற்றூர்களில் காணொளி உரையாடலுக்குப் போதிய இணைய வேகம் இல்லை. செயற்கைக்கோள் இணைப்பின் விலை தாங்கக்கூடியதன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழுவும் இன்டெல் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவும் அரவிந்த் மருத்துவமனையோடு இணைந்து, வீடுகளில் பயன்படும் சாதாரண வைஃபை கருவிகளையே நெடுந்தொலைவுக்கு ஏற்ப மாற்றின. அம்பாசமுத்திரம், போடிநாயக்கனூர், சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி ஆகிய மையங்கள் தேனியோடு இணைக்கப்பட்டன. (இவ்வம்பாசமுத்திரம் தேனிக்கு அருகிலுள்ள சிற்றூர், திருநெல்வேலி மாவட்டத்துப் பெயரொத்த நகரத்தோடு மயங்கலாகாது.)

அதன் நுட்பம் எளிமையானது. சாதாரண வைஃபை, செய்தி ஒன்றை அனுப்பியபின் மறுமுனையின் ஒப்புகைக்காகச் சிறிது நேரமே காத்திருக்கும். பல கிலோமீட்டர் தொலைவில் ஒப்புகை வந்துசேரும் முன்னரே, செய்தி தொலைந்தது என்று கருதி மீண்டும் அனுப்பும். இதனால் வேகம் வீழும். இரு முனைகளும் முறைவைத்துப் பேசுமாறு மென்பொருளை மாற்றி, திசைநோக்கிய ஆண்டெனாக்களை உயர்ந்த கோபுரங்களில் ஏற்றியதும் தெளிவான காணொளிக்குப் போதிய வேகம் கிடைத்தது. உரிமக் கட்டணம் தேவைப்படாத அலைவரிசை, கடையில் கிடைக்கும் வன்பொருள் ஆகியவற்றால் செலவு குறைந்தது.

வெற்றிக் கதையாக இது பலமுறை கூறப்பட்டுள்ளது. ஆய்வாளர்க்கு மிகுந்த பயன் தருவதோ அக்குழுவினரே 2008இல் வெளியிட்ட பின்னாய்வு. வலையமைப்பை நிறுவியது எளிதாக இருந்தது; உயிரோடு வைத்திருப்பது கடினமாயிற்று. மின்னழுத்த ஏற்ற இறக்கம் கருவிகளைக் கெடுத்தது. மின்சாரம் திடீரென நிற்கும்போது நினைவட்டைகள் சேதமுற்றன. பழுது எங்கே என்று மையத்துப் பணியாளரால் கண்டறிய இயலவில்லை. மின்கலம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இறங்கினால் கருவியைத் தானே அணைக்கும் சுற்று, தொலைவிலிருந்தே பழுதைக் கண்டறியும் வழி, உள்ளூர் ஆள்களுக்குப் பயிற்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்தவர்களுக்கு உத்தமபாளையத்து மின்கம்பியின் இயல்பு தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் தெரிந்துகொள்ளும் வரை அங்கேயே நின்றனர் என்பதே இவ்வரலாற்றில் பாராட்டத்தக்கது.

பெரும்பாலான கருவி நிறுவனங்கள் அவ்வாறு நிற்பதில்லை. குறைந்த வளமுடைய நாடுகளில் மருத்துவக் கருவிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு இயங்காநிலையில் உள்ளன என்று 2011இல் பெர்ரியும் மால்கினும் கணக்கிட்டனர். இந்தியாவில் தேசிய நலவாழ்வு இயக்கம் அரசு மருத்துவமனைக் கருவிகளைக் கணக்கெடுத்தபோது மாநிலத்திற்கேற்ப 13 முதல் 34 விழுக்காடு வரை செயலற்றுக் கிடந்தமை தெரியவந்தது. அதன் விளைவாக 2015இல் பராமரிப்புத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. செயலற்ற கருவி எல்லா நோயாளிக்கும் ஒரே அளவில் கேடு செய்வதில்லை. வசதியுள்ளவர் மதுரைக்குச் சென்று தனியார் நிலையத்தில் சோதித்துக்கொள்வார். மற்றவர் 'அடுத்த வாரம் வாங்க' என்பதைக் கேட்டுத் திரும்புவார்; அடுத்த வாரம் மற்றொரு நாள் கூலி போகும். ஆகவே உதிரிபாகம் எத்தனை நாளில் வரும், பழுதுநீக்கும் ஆள் எங்கே இருக்கிறார், பயன்படுத்துவோர் கையேடு தமிழில் உள்ளதா என்பன வணிகத்தின் பின்குறிப்புகள் அல்ல, சமநீதியின் உள்ளுறுப்புகள்.

கருவியை இயக்கும் கை

பார்வை மையத்தில் ஸ்லிட் லேம்ப்பை இயக்குபவர் பெரும்பாலும் பள்ளிப்படிப்பை முடித்து, இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற கிராமத்து இளம்பெண். கருவி அவருக்கேற்றதாக இருக்க வேண்டும். வல்லுநர் ஒருவரே இயக்கக்கூடிய கருவியை மலிவாகத் தந்தால், வல்லுநர் இருக்கும் நகரத்திலேயே அது தங்கிவிடும். பெங்களூரு நிறுவனங்களான ஃபோரஸ் ஹெல்த், ரெமிடியோ ஆகியன எளிதில் எடுத்துச்செல்லத்தக்க விழித்திரைப் படக்கருவிகளை உருவாக்கியபோது கருத்திற்கொண்டது இவ்வகைப் பணியாளரையே. ரெமிடியோவின் கருவி கைப்பேசியையே கேமராவாகக் கொண்டது. நீரிழிவினால் விழித்திரையில் நேரும் கேடு நெடுங்காலம் அறிகுறி காட்டாது; பார்வை மங்கும்போது காலம் கடந்திருக்கும். எனவே ஆண்டுதோறும் விழித்திரையைப் படமெடுப்பதே காப்பு. அப்படத்தை யார் படிப்பது என்பதே அடுத்த இடர்ப்பாடு.

படத்தைப் படிக்கும் மென்பொருள்

கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரையில், 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருள் நீரிழிவு விழித்திரை நோயை மருத்துவர்க்கு இணையாகக் கண்டறிந்ததாகக் காட்டினர். சென்னையில் ரெமிடியோ கைப்பேசிக் கருவியையும் வேறொரு மென்பொருளையும் இணைத்து 301 நீரிழிவு நோயாளிகளிடம் செய்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நோயுள்ளவரை மென்பொருள் கண்டறியும் திறன் 95.8 விழுக்காடாக இருந்தது; நோயற்றவரைச் சரியாக விலக்கும் திறன் 80.2 விழுக்காடே. இரண்டாவது எண்ணைத் தேனியின் கண்கொண்டு படிக்க வேண்டும். நோயற்ற நூறு பேரில் ஏறத்தாழ இருபது பேர் வீணாக மருத்துவமனைக்கு அனுப்பப்படுவர். சென்னையில் இது ஓர் ஆட்டோப் பயணம். வருசநாட்டு மலையடிவாரத்தில் இது ஒருநாள் கூலியும் பேருந்துச் செலவும். அத்தோடு, 'ஒன்றுமில்லை' என்று திருப்பியனுப்பப்பட்டவர் அடுத்த முறை வரத் தயங்கவும் கூடும்.

தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் கூகுள் மென்பொருளை நடைமுறையில் ஆராய்ந்து 2020இல் வெளியிடப்பட்ட அறிக்கையும் இதையே உணர்த்துகிறது. வெளிச்சம் சரியில்லாத அறைகளில் எடுக்கப்பட்ட படங்களில் 21 விழுக்காட்டை மென்பொருள் ஏற்க மறுத்தது. படம் தெளிவில்லை எனில் நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்புக என்பதே விதி. ஆய்வுக்கூடத்தில் துல்லியமாக இருந்த கருவி, அங்கு ஏழை நோயாளிக்குப் புதிய பயணச் சுமையாயிற்று. தன் குறையை வெளிப்படையாக அச்சிட்ட அந்நிறுவனத்தின் நேர்மையைக் குறிப்பிடுவது முறை.

மற்றொரு செய்தி இங்கு அடிக்கடி விடுபடுகிறது. 2016ஆம் ஆண்டு மென்பொருளுக்குப் பயிற்சி தந்த படங்களுள் அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அடங்கும். மென்பொருளின் அறிவில் ஒரு பகுதி நம் நோயாளிகளின் கண்களிலிருந்து பெறப்பட்டது. அவ்வாறாயின், அம்மென்பொருள் விற்பனைக்கு வரும்போது, படம் தந்த மக்களின் பொது மருத்துவமனைகளுக்கு என்ன விலையில் தரப்படும் என்று முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது தகும். இதனை ஈகையாக அன்றிக் கடனாகவே கொள்ளல் வேண்டும் என்பது கட்டுரையாளரின் கருத்து.

யாரிடம் சோதிக்கப்பட்டது என்னும் வினா மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று. விரலில் மாட்டி உயிர்வளி அளவைக் காணும் பல்ஸ் ஆக்சிமீட்டர், கருந்தோல் உடையவரின் குறைபாட்டை வெள்ளைத்தோல் உடையவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகத் தவறவிடுகிறது என்று அமெரிக்க ஆய்வொன்று 2020 இறுதியில் காட்டியது. கொரோனா காலத்தில் நம் ஊர்களில் வீடுதோறும் புகுந்த கருவி அது. தோல் நிறத்தில் பெரும் வேறுபாடு கொண்ட தமிழ்நாட்டில் விற்கும் நிறுவனம், தன் கருவியை எத்தகைய மக்களிடம் சோதித்தது என்பதைப் பெட்டியின்மேல் அச்சிட்டால் வாங்குவோர்க்கு உதவும்.

வாங்குவோரின் வலிமை

நிறுவனங்கள் தாமே முன்வந்து இவற்றைச் செய்யும் என்று காத்திருப்பது பொருந்தாது. வாங்குபவர் கேட்பதையே விற்பவர் செய்வார். ஆரோலேப்பின் லென்ஸ் விலை குறைந்ததற்கு உறுதியான பெருங்கொள்முதலே அடிப்படை என்று மேலே கண்டோம். தமிழ்நாட்டில் அத்தகைய பெருங்கொள்முதலாளராக 1994இல் உருவாக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. மாநிலம் முழுமைக்கும் ஒன்றாக ஒப்பந்தப்புள்ளி கோரி மருந்து விலையைக் குறைத்த அதன் முறையைப் பிற மாநிலங்கள் பின்பற்றின. அரசு மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் ஸ்கேன் மையங்களையும் அது நடத்துகிறது. மிகக் குறைந்த விலை கோருபவர்க்கே ஒப்பந்தம் என்னும் விதியோடு, ஐந்தாண்டுப் பராமரிப்பு, தேனி போன்ற தொலைமாவட்டத்தில் பழுதுநீக்கக் காலவரையறை, தமிழ்க் கையேடு, மின்னழுத்த மாற்றத்தைத் தாங்கும் சோதனை ஆகியவற்றையும் மதிப்பெண்ணாகச் சேர்த்தால், நிறுவனங்கள் அவற்றில் போட்டியிடும். அனைத்து மருத்துவக் கருவிகளையும் 2020 ஏப்ரல் முதல் மருந்துச் சட்டத்தின்கீழ் கொணர்ந்த நடுவண் அரசின் விதிகள் பாதுகாப்பையும் தரத்தையும் பேசுகின்றன. கருவி யாரைச் சென்றடைகிறது என்பதை அவை கேட்பதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் களப்பணியாளர்கள் இரத்த அழுத்த, சர்க்கரை அளவிகளோடு வீடு தேடிச் செல்கின்றனர். ஏலத்தோட்டத் தொழிலாளியை அவர் வீட்டிலேயே காண வாய்ப்பளிக்கும் திட்டம் இது. மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ சென்றால் மட்டுமே அவ்வாய்ப்பு கைகூடும். அப்பெண் கையில் உள்ள அளவியின் மின்கலம், சோதனைப் பட்டையின் விலை, வெயிலில் பட்டை கெடாமல் இருக்கும் காலம் ஆகியன இன்று கருவி நிறுவனம் ஒன்று தீர்க்கக்கூடிய மிகச் சிறிய, மிகப் பயனுள்ள சிக்கல்கள். சர்க்கரை அளவி மலிவாகவும் அதற்கே உரிய பட்டை தொடர்செலவாகவும் அமைந்த வணிகமுறையில், அளவியின் விலையைக் குறைப்பது பெரிய உதவியன்று. எந்நிறுவனப் பட்டையையும் ஏற்கும் அளவியே உதவி.

எல்லை கடந்து உழைப்பவரின் மருத்துவக் குறிப்பும் எல்லை கடக்க வேண்டியுள்ளது. காலையில் இடுக்கித் தோட்டத்தில் மயங்கி விழும் தொழிலாளியின் இரத்த அழுத்தம் கேரளத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவாகும். அவருடைய மாத்திரைகளோ கூடலூரில் வழங்கப்படும். 2021 செப்டம்பரில் நடுவண் அரசு அறிவித்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் ஒருவருக்கு ஒரே நலவாழ்வு எண்ணைத் தந்து, விரும்பினால் பதிவுகளைப் பகிர வழிசெய்கிறது. அவ்வழி பயன்பட வேண்டுமெனில் கருவி தன் அளவீட்டைப் பிற மென்பொருள்களும் படிக்கக்கூடிய பொது வடிவில் வெளியிட வேண்டும். தன் மென்பொருளுக்குள்ளேயே அளவீட்டைப் பூட்டிவைக்கும் கருவியைப் பயன்படுத்தும் செவிலியர், இன்றும் திரையைப் பார்த்து எண்ணைத் தாளில் எழுதி நோயாளியின் கையில் கொடுத்தனுப்புகிறார்.